நான்கு நாடுகளும் ஒரு சாப்பாடும்

வயிறு காய்ந்து கிடக்கிறவனுக்குத்தான் ஜனநாயகத்தின் அருமை முழுதாகப் புரியும். உலக நாடுகளின் ஆட்சிமுறைகளை ஒப்பிட்டு ஆராயும் கழகம் இந்த மாபெரும் உண்மையை மெய்ப்பித்த அன்று, அந்த வயிறாக இருக்கும் பாக்கியம் ஒட்டகத்துக்கு வாய்த்தது.

ஒட்டகம், சிமெண்டுக் கிடங்கில் மூட்டை இறக்குகிறவர். நீண்ட கழுத்து. முதுகில் எதை ஏற்றினாலும் முனகாமல் நடப்பார். அன்று காலையிலிருந்து குடலை யாரோ ஈரத்துணி மாதிரி முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தார்கள். குனிந்தால் கண்ணில் பூச்சி பறந்தது. போன வாரம் இப்படித்தான் பூச்சி பறந்து, மூட்டையோடு சரிந்து விழுந்தார். "இன்னொரு தடவை விழுந்தீன்னா அப்படியே வீட்டுக்குப் போயிடு. திரும்பி வராதே" என்று மேஸ்திரி அன்போடு எச்சரித்திருந்தார். பிற்பகலில் ஒரு லாரி வரும். அதற்குள் வயிற்றில் ஏதாவது விழுந்தாக வேண்டும்.

இந்த நல்ல நேரத்தில்தான் கழகத்தின் பேராசிரியர் கிடங்குக்கு வந்தார். கருத்தரங்கில் 'குடிமக்களாக' நிற்க ஆள் வேண்டுமாம். கூலி கிடையாது, மதியச் சாப்பாடு உண்டு. ஒட்டகம் மச்சினனையும் இன்னும் சிலரையும் கூட்டிக்கொண்டு போனார்.

மண்டபத்துத் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் நான்கு கட்டங்கள். ஒவ்வொன்றும் ஒரு நாடு. எதிரே நாற்காலிகளில் அறிஞர்கள். பக்கத்து அறைக் கதவு சாத்தியிருந்தது. ஆனால் சாப்பாட்டு வாசனைக்குக் கதவு ஒரு பொருட்டா?

"தீர்மானம் எல்லா நாட்டுக்கும் ஒண்ணுதான்," என்றார் பேராசிரியர் ஒலிவாங்கியில். "'குடிமக்களுக்கு இப்போது சாப்பாடு போடலாமா?' சோதனைன்னா அதுல நிஜமான அக்கறை இருக்கணும். அதனாலதான் இவங்களுக்கு இன்னும் சாப்பாடு போடலை."

அறிவியல் நேர்மையை மெச்சி அறிஞர்கள் தலையாட்டினார்கள்.

முதல் கட்டம், மக்கள் நேரடியாக வாக்களிக்கும் மலைநாடு. எல்லாக் கைகளும் உயர்ந்தன. ஒட்டகம் இரண்டு கையையும் தூக்கினார்.

"ஒரு ஆளுக்கு ஒரு கைதான்."

"ரெண்டு கையும் பசியில இருக்குங்க."

ஒரு கை இறக்கப்பட்டது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ஆனால் அந்த நாட்டில் எல்லாக் குடிமக்களும் வந்திருந்தால்தான் வாக்கெடுப்பு செல்லும். கிடங்குக் காவலாளி பெயர் கொடுத்துவிட்டு, வாசலை விட்டு வர முடியாமல் அங்கேயே இருந்துவிட்டார்.

"அவன் பங்கை அவனுக்கே கொண்டுபோய்க் குடுத்துடுறோம் சார்," என்றார் ஒட்டகம்.

"பங்கு இல்லைங்க பிரச்சினை. பங்கேற்பு."

இரண்டாம் கட்டம், இரண்டு அவைகள் உள்ள தீவுநாடு. கீழவையாகிய சுமைக்காரர்கள் தீர்மானத்தை நிறைவேற்றி மேலவைக்கு அனுப்பினார்கள். மேலவை பக்கத்து அறையில் இருந்தது. மூத்த அறிஞர்கள் அதில் உறுப்பினர்கள். அவர்கள் தீர்மானத்தை ஆழ்ந்து பரிசீலித்தார்கள். கதவு ஒருமுறை திறந்தபோது ஒட்டகம் எட்டிப் பார்த்தார். மேலவை கை கழுவிக்கொண்டிருந்தது.

"என்ன மாமா, உள்ள என்ன நடக்குது?" என்று மச்சினன் கேட்டான்.

"முடிஞ்சிருச்சு மாப்ள."

"தீர்மானமா?"

"சாப்பாடு."

இருந்தாலும் சோதனையைப் பாதியில் நிறுத்த முடியுமா? மூன்றாம் கட்டம், கட்சிகள் உள்ள சமவெளிநாடு. ஒரு பாதி 'இப்போதே சாப்பாடு' கட்சி. மறு பாதி 'உடனே சாப்பாடு' கட்சி. ஒட்டகம் ஒன்றில், மச்சினன் மற்றொன்றில். சற்று நேரத்தில் மச்சினனுக்கு உண்மையாகவே சூடு ஏறிவிட்டது.

"மாமான்னு பார்க்கறேன், இல்லேன்னா கிழிச்சுத் தொங்க விட்டுருவேன்! உங்க ஆட்சியில என்ன பண்ணீங்க?"

"நாங்க எப்படா ஆட்சி பண்ணோம்?"

"அதைத்தான் சொல்றேன், ஒண்ணுமே பண்ணலை!"

"மாப்ள, ரெண்டு பேரும் சோத்தைத்தானேடா கேக்கறோம்?"

"உங்க சோறு வேற, எங்க சோறு வேற!"

துடிப்பான எதிர்க்கட்சி என்று அறிஞர்கள் மேசையைத் தட்டினார்கள். தீர்மானம் வாக்கெடுப்புக்கே வரவில்லை.

நான்காம் கட்டம், ஒப்பீட்டுக்காகச் சேர்க்கப்பட்ட, ஜனநாயகமே இல்லாத பாலைநாடு. பேராசிரியர் தாமே தலைவராகி, நாற்காலியில் அமர்ந்து அறிவித்தார்: "குடிமக்கள் அனைவரும் சாப்பிட்டாகிவிட்டது. கைதட்டலாம்."

எல்லோரும் தட்டினார்கள். ஒட்டகம் தட்டவில்லை.

"ஏங்க, நீங்க தட்டலையா?"

"நான் சாப்பிடலைங்களே."

"இந்த நாட்டுல அப்படிச் சொன்னா ஜெயில்ல போட்டுருவாங்க."

"ஜெயில்ல போட்டா சாப்பாடு உண்டுங்களா?"

இது அடுத்த கருத்தரங்குக்கு உரிய கேள்வி என்று பேராசிரியர் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார். பிறகு எழுந்து முடிவுரை சொன்னார்: "வித்தியாசம் புரியுதா? முதல் மூணு நாட்டுல, சாப்பிடலைன்னு நீங்க தைரியமா சொல்லலாம். சொல்லிப் பாருங்க!"

ஒட்டகம் முதல் கட்டத்துக்குள் போய் நின்றார். "சாப்பிடலைங்க." மண்டபம் கைதட்டியது. இரண்டாம் கட்டத்தில் சொன்னார். இன்னும் பலமாகத் தட்டியது. மூன்றாம் கட்டத்தில் குரல் எழவில்லை. உதடு மட்டும் அசைந்தது. அறிஞர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். ஓர் அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்போ சாப்பாடு, சார்?" என்றார் ஒட்டகம்.

"தீர்மானம் எந்த நாட்டுலயும் நடைமுறைக்கு வரலையே," என்றார் பேராசிரியர், உண்மையான வருத்தத்தோடு.

பிற்பகலில் லாரி வந்தது. முதுகில் மூட்டை ஏறிய கொஞ்ச நேரத்திலேயே பூச்சி பறந்தது. ஒட்டகம் லாரியிலிருந்து இறங்கும் சாய்பலகையின் பாதியில் மடிந்து உட்கார்ந்தார். மேஸ்திரி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கிடங்கில் வாக்கெடுப்பு என்கிற தாமதமெல்லாம் இல்லை. மறுநாள் முதல் அந்த இடத்தில் மச்சினன் மூட்டை தூக்கினான்.

கழகத்தின் அறிக்கை வழவழப்பான அட்டையோடு வெளிவந்திருக்கிறது. மூன்று ஜனநாயகங்களிலும் மக்களின் குரல் தெளிவாகக் கேட்கப்பட்டது என்கிறது. கேட்கப்பட்டது உண்மைதான். நானும் முன்வரிசையில்தான் இருந்தேன்; நன்றாகவே கேட்டது. கேட்டுவிட்டுக் கைதட்டினேன். கை கழுவிய பிறகுதான்.

ஒட்டகத்துக்கு ஒரு மதியச் சாப்பாடு பாக்கி.