கல்லில் இடம் கிடைக்காத தலைமையாசிரியர்

மில்பர்ன் நகரப் பத்திரிகையின் ஆசிரியர் திரு. டேல் விட்காம்ப் அவர்களுக்கு, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒடெஸா புரூயிட் எழுதிக்கொள்வது. நான் நலம், முழங்கால்கள் மட்டும் சொல்பேச்சுக் கேட்பதில்லை. தங்கள் நலமும் மனைவி மக்கள் நலமும் அறிய ஆவல். நான்காம் வகுப்பில் உங்களுக்கு வாய்ப்பாடு வரவழைப்பதற்குள் எனக்குத் தலை நரைத்துப்போனது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

நம் நகரப் பள்ளிகளின் நூற்றைம்பதாம் ஆண்டுச் சிறப்பு மலரைப் பார்த்தேன். எந்தக் காலத்திலோ பள்ளி மாடியில் ஏறிவிட்ட ஒரு பசுவுக்கு அரைப்பக்கம், படத்தோடு. எங்கள் கிளீவ்ஸ் தெருப் பள்ளிக்கு ஒரே வரி: “கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளி 1956இல் சுமுகமாக மூடப்பட்டது.”

அந்தச் சுமுகத்தைக் கேளுங்கள். வெள்ளைப் பிள்ளைகள் கிழித்து முடித்த புத்தகங்கள்தான் எங்களுக்கு வரும். உங்கள் சித்தப்பா புத்தகப் படத்தில் மீசை வரைந்துவைத்த ஜனாதிபதி வாஷிங்டனைத்தான் நான் பாடம் நடத்தினேன், பிறகு எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கவேண்டும் என்று கோர்ட் சொன்னதும் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு ஆசிரியர்களான எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள், நான் பத்து வருஷம் சலவைக்கடையில் இஸ்திரி போட்ட பிறகுதான் உங்கள் பள்ளியில் மறுபடி வேலை கிடைத்தது, எங்கள் பிள்ளைகள் போட்டிகளில் வென்ற கோப்பைகள் குப்பைக்குப் போயின, ரெக்கார்டுகள் பாய்லரில் எரிந்தன, நகர நீச்சல்குளத்தில் எல்லோரும் ஒன்றாகக் குளித்துவிடக் கூடாதென்று அதில் மண்ணைக் கொட்டி மூடினார்கள், ஆக யாருக்குமே குளியல் இல்லை, சமத்துவம் வந்துவிட்டது. எங்கள் தலைமையாசிரியர் அகஸ்டஸ் டோலிவரைப் வெள்ளையரின் பெரிய பள்ளி நிலவறையில் புத்தகக் கிடங்குக்குக் காவல் வைத்தார்கள். தினமும் டை கட்டிக்கொண்டுதான் போவார். மகன் வயதுள்ள புதுத் தலைமையாசிரியர் மேலிருந்து பெயரைச் சுருக்கிக் கூப்பிடுவாராம்: “கஸ், அந்த நாற்காலிய இப்படித் தூக்கிட்டு வாப்பா!” “இதோ வர்றேன் சார்” என்பாராம் இவர். மூன்றாம் வருஷம் அந்தக் கிடங்கிலேயே விழுந்து செத்துப்போனார். சாயங்காலம் வரை யாரும் தேடவில்லை.

சனிக்கிழமை திறக்கப்போகும் நினைவுக்கல்லில் மற்ற எல்லாத் தலைமையாசிரியர்கள் பெயரும் இருக்கிறது, அவர் பெயர் இல்லை. கமிட்டித் தலைவி திருமதி ஹாஸ்டெட்லரிடம் போய்க் கேட்டேன்.

“கல்லுல இடமில்லையே, மிஸ் புரூயிட். ரெக்கார்டும் எதுவும் இல்ல.”

“ரெக்கார்ட எரிச்சது யாரும்மா?”

“பழசையெல்லாம் இப்ப எதுக்குங்க கிளறிக்கிட்டு?”

“நூத்தம்பது வருஷத்தக் கிளறத்தானேம்மா கமிட்டியே போட்டிருக்கீங்க?”

சாப்பிட ஒரு துண்டு ஆப்பிள் பை கொடுத்து அனுப்பிவைத்தார். அந்தக் கல்லின் உச்சியில் இறக்கை விரித்த கழுகு ஒன்று இருக்கிறது. அதற்கு மட்டும் இடம் தாராளம்.

ஆகவே இந்தக் கடிதத்தை ஒரு எழுத்தும் குறைக்காமல் வெள்ளிக்கிழமை இதழில் அச்சிட வேண்டுகிறேன். உங்கள் பிள்ளைகள் உங்களைவிடக் கணக்கில் கெட்டியாக வளர ஆண்டவர் அருளட்டும்.

இப்படிக்கு,
ஒடெஸா புரூயிட்

பி.கு.: கடிதத்தை அச்சிட வேண்டாம். இப்போதுதான் திருமதி ஹாஸ்டெட்லர் போன் செய்தார். சனிக்கிழமை பேசவேண்டிய செனட்டருக்கு வயிற்றுப்போக்காம். “நீங்களே வந்து ரெண்டு இனிப்பான வார்த்தை பேசிடுங்க, மிஸ் புரூயிட். உங்களுக்குத்தான் யார் மனசையும் நோகடிக்கத் தெரியாதே” என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். புதிதாகப் பேச்சு எழுத எனக்கு ஏது தெம்பு? மேடையில் வாசிக்க இந்தக் கடிதத்தையே படி எடுத்து வைத்துக்கொண்டேன். நீங்கள் முன்வரிசையில் உட்காருங்கள், டேல். சித்தப்பாவின் மீசை வரும் இடத்தில் தலைகுனிய வேண்டாம். டோலிவர் பெயர் வரும்போது எழுந்து நின்றால் போதும்.