கோட்டை விட்டவள்

உயிர்மருத்துவ அறிவியலின் வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம்: எங்கள் துறை பிறப்பதற்கு முன், பிறந்த பின். பின்னதைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர் இல்லை. பதினாறு வருடமாக அங்கே செய்முறை ஆசிரியர் நான்தான்.

எங்கள் பெருமை ரெக்கார்டு நோட்டு. அதன் ஏழாம் பக்கத்தில் ரத்தச் சிவப்பணுக்கள். அவற்றுக்கு வலப்பக்கம் வளைந்த ஒரு கறுப்புக் கோடு. முதல் வருடம் நானே மைக்ரோஸ்கோப்பில் பார்த்து வரைந்த படம். அதைப் பார்த்து அந்த வருட மாணவர்கள் வரைந்தார்கள். அவர்கள் நோட்டைப் பார்த்து அடுத்த வருடத்தவர்கள். மைக்ரோஸ்கோப் தேய்ந்துவிடாமல் காக்கும் இந்த முறைக்கு 'அறிவுப் பரிமாற்றம்' என்று பெயர். கோடு இல்லாத படம் செல்லாது.

யாரும் கோடு தாண்டாத அந்தத் துறையில் 'ஏன்' வந்து சேர்ந்தாள். எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்டதால் நாங்கள் வைத்த பெயர். இறுதிச் செய்முறைத் தேர்வில் அந்தப் பெண் தன் விரலைக் குத்தி, கண்ணாடித் தகட்டில் ரத்தம் தடவி, கூச்சமே இல்லாமல் மைக்ரோஸ்கோப்பைப் பார்த்தே வரைந்துவிட்டாள். அணுக்கள் எல்லாம் இருந்தன. கோட்டை விட்டுவிட்டாள்.

"கோடு எங்கம்மா?"

"ரத்தத்துல அப்படி ஒண்ணும் இல்ல சார். அது உங்க இமை முடி. கண்ணை லென்ஸோட ஒட்டி வச்சா தெரியும். வேணும்னா சிமிட்டிப் பாருங்க."

சிமிட்டினேன். கோடும் சிமிட்டியது. ஒரு விஞ்ஞானிக்குரிய நிதானத்துடன் விளக்கை அணைத்தேன்.

துறைத்தலைவர் அவசரக் கூட்டம் கூட்டினார்.

"பதினாறு வருஷமா எல்லார் ரத்தத்துலயும் இருக்கு. உனக்கு மட்டும் இல்லன்னா கோளாறு நோட்டுல இல்லம்மா, உன் உடம்புல. போய் டெஸ்ட் பண்ணிட்டு வா."

"பாஸ் போடலன்னா எனக்குக் கிடைச்ச வேலை போயிடும் சார்."

"வேலை முக்கியமா, உயிர் முக்கியமா?"

அக்கறை என்றால் இதுவல்லவா அக்கறை! பெரிய ஆஸ்பத்திரிக்கே அனுப்பினோம். அங்கே பரிசோதனைக்கூடப் பொறுப்பாளர் எங்கள் தங்கப் பதக்க மாணவர். ரெக்கார்டு நோட்டில் நூற்றுக்கு நூறு. மறுநாளே அறிக்கை வந்தது: 'சிவப்பணுக்கள்: இயல்பு. கோடு: ஒன்று, வலப்பக்கம். இயல்பு.'

"பாத்தியா? ரத்தத்துல இருக்கு, உன் படத்துலதான் இல்ல" என்றார் தலைவர்.

"நான் குழாய்ல கொண்டுபோய்க் குடுத்தது ரத்தமே இல்ல சார். சிவப்பு மை."

தலைவர் அறிக்கையை மறுபடி எடுத்துப் படித்தார். பிறகு நெகிழ்ந்துபோனார்.

"மையிலேயே கோட்டைக் கண்டுபிடிச்சிருக்கான்! ரத்தத்துல விட்டுடுவானா?"

தங்கப் பதக்கத்துக்குப் பாராட்டுக் கடிதம். பரிசோதனைக்கூடத்தை ஏமாற்றிய குற்றத்துக்காக 'ஏன்' ஃபெயில். இரண்டு தாளிலும் என் கையெழுத்து உண்டு. அவளுக்குக் கிடைத்திருந்த வேலை வேறு யாருக்கோ போயிற்று. அன்று அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்துக்குக் கூட்டக் குறிப்பில் இடமில்லை.

போன மாதம் எனக்குத் தலைசுற்றல். நடந்தால் மூச்சு வாங்கியது. "ரத்தத்தை உடனே டெஸ்ட் பண்ணுங்க" என்று டாக்டர் கைகாட்டிய இடம் அதே பரிசோதனைக்கூடம். வாசல்வரை போனேன். உள்ளே தங்கப் பதக்கம், ஒரு குழாயைக்கூடத் திறக்காமல், அறிக்கைகளில் வரிசையாக 'இயல்பு' முத்திரை குத்திக்கொண்டிருந்தார். என்ன வேகம், என்ன நேர்த்தி! மெதுவாகத் திரும்பி வந்துவிட்டேன்.

எங்கள் ஆய்வகத்தில் 'ஏன்' மறுதேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விரலை நீட்டினேன்.

"என் ரத்தத்தைக் கொஞ்சம் பாத்துச் சொல்லேம்மா."

"என்னையா கேக்கறீங்க? நான் ஃபெயில் சார். நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?"

"அதனாலதாம்மா உன்கிட்ட வந்தேன்."