பெரியவருக்கு முன்சீட்

நியூ ஜெர்சி மாநிலத்திலேயே கம்ப்யூட்டருக்கு சீட் பெல்ட் மாட்டிக் கார் ஓட்டிய ஒரே மனிதர் டவர் அண்ணன்தான். அமெரிக்கா முழுவதற்குமே அவர் ஒருவர்தான் என்று அடித்துச் சொல்வேன். மறுப்பவர்கள் ஆதாரத்தோடு வரட்டும்.

தொண்ணூறுகளின் கடைசி. மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில் எங்களுக்கு இரண்டு கட்டடம் தள்ளிக் குடியிருந்தார். கோபிச்செட்டிபாளையத்துக்காரர். படங்களைத் திருத்தும் மென்பொருள் எங்கள் வட்டாரத்தில் அவரிடம்தான் இருந்தது. குழந்தையின் கண் சிவப்பாக விழுந்திருந்தாலும், மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படத்தில் பெண்ணுக்குப் பரு இருந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவோம். பெரிய படங்கள் ஃப்ளாப்பியில் கொள்ளாது என்பதால் கம்ப்யூட்டரின் டவர் பெட்டியையே தூக்கிக்கொண்டு வருவார். அது முன்சீட்டில், பெல்ட்டோடு. அவர் மனைவி பின்சீட்டில், மடியில் கீபோர்டோடு.

"கல்யாணமான புதுசுல நானும் முன்னாடிதான் உக்காந்துட்டு வந்தேன்" என்பார் அந்த அக்கா. "இப்பப் பெரியவருக்கு விட்டுக் குடுத்துட்டேன்."

பெரியவர் என்பது கம்ப்யூட்டர். மூடி கழற்றிய உடம்பு. உள்ளே காற்றுப்பட எப்போதும் ஒரு டேபிள் ஃபேன். மெதுவாக இயங்கினால் "பெரியவர் யோசிக்கிறாருங்க" என்பார் அண்ணன். நின்றே போனால் "கண்ணசந்துட்டாருங்க." டவர் அண்ணன் என்று பெயர் வைத்தவன் நான். ஊரே அவர் முதுகுக்குப் பின்னால் அப்படிச் சொல்லிச் சிரித்தது. அன்று அதில் எனக்குப் பெருமை. இன்று இல்லை.

ஒரு ஜனவரியில் ஈரோட்டில் என் மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம். எங்கள் கிரீன் கார்டு பாதிக் கிணற்றில் இருந்தது. நாட்டை விட்டு வெளியே கால் வைக்கக் கூடாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். என் மனைவி சாந்தி இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. பிறகு ஊரிலிருந்து குடும்பப் படம் வந்தது. மாமியாருக்குப் பக்கத்தில் இரண்டு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டே நின்றிருந்தார்கள். அந்த இடத்தில் எங்களை ஒட்டி அனுப்ப வேண்டும்; கூடத்தில் மாட்டுவார்கள். சனிக்கிழமை மாலை ஊருக்குக் கிளம்பும் நண்பர் ஒருவர் எடுத்துப் போக ஒப்புக்கொண்டார்.

ஒருவரைப் பின்னணியிலிருந்து முடி பிசகாமல் வெட்டி எடுக்க ஒரு ப்ளக்-இன் இருக்கிறது, பழைய மென்பொருளோடு அதை ஒட்டவைத்தால் போதும் என்றார் அண்ணன். ஆபீசில் இறக்கி நான்கு ஃப்ளாப்பிகளில் கொண்டுவந்தேன். சனிக்கிழமை காலை பெரியவர் எங்கள் ஹாலில் எழுந்தருளினார். நான் ப்ளக்-இன்னோடு வந்த குறிப்பைப் படித்தேன். அது கேட்ட மெமரியில் பாதிதான் பெரியவரிடம் இருந்தது.

"அண்ணா, இதுல ஓடாது."

"ஓட வேண்டாமுங்க. நடந்தாப் போதும்."

பெரியவரின் பாரத்தைக் குறைக்க வால்பேப்பரை எடுத்தார். சத்தத்தை எடுத்தார். சீட்டாட்டத்தையும் எடுத்தார். முதல் இரண்டு ஃப்ளாப்பிகள் இறங்கின. மூன்றாவதைப் படிக்க மாட்டேன் என்றார் பெரியவர்.

"ராத்திரி இது எங்க இருந்துச்சுங்க?"

"கார்ல."

"அதான். குளுருல வெறச்சுப் போயிருக்குது." ஃப்ளாப்பியை எடுத்து சட்டைக்குள் விட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டார். அப்படியே இரண்டு தோசை சாப்பிட்டார். திரும்பப் போட்டதும் அது சமர்த்தாக இறங்கியது. கம்ப்யூட்டர் விஞ்ஞானத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவன் நான். இதற்கு இன்றுவரை விளக்கம் தெரியாது.

நானும் சாந்தியும் ஹாலின் வெள்ளைச் சுவர் முன் நின்று எடுத்திருந்த படத்தைத் திறந்து, எங்களைச் சுற்றிக் கோடு போட்டு, ப்ளக்-இன்னை முடுக்கினார். அதன்பின் வீட்டில் யாரும் அதிர்ந்து நடக்கக் கூடாது. மைக்ரோவேவ் போடக் கூடாது. சாந்தி சாம்பார் தாளித்ததற்கே "அம்முணி, மெதுவாங்க" என்றார். மத்தியானம் வரை பெரியவர் யோசித்தார். பிறகு படம் வந்தது.

சுவர் முழுதும் போயிருந்தது. அதோடு ஃப்ளாஷ் பட்டுப் பளபளத்த என் முன்மண்டையும் போயிருந்தது.

"உங்களுக்குப் பெரிய நஷ்டமில்லீங்க" என்றார் அண்ணன்.

சாந்தி சிரிக்கவில்லை. எடிசன் ஊர் இந்தியக் கடையில் சொல்லிவைத்து வாங்கி, தோள்வரை தொங்கவிட்டிருந்த மல்லிகைச் சரம் காணவில்லை. வெள்ளைச் சுவர், வெள்ளைப் பூ. ப்ளக்-இன்னுக்கு இரண்டும் ஒன்றுதான்.

"அப்பா அறுபதாம் கல்யாணப் படத்துல நான் வெறுந்தலையா நிக்கறதா?" என்றாள். "எங்கம்மா பாத்தா என்னங்க நெனைக்கும்?"

இன்னொரு முறை ஓட்ட நேரமில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது.

"இந்தக் குப்பைய முதல்ல தூக்கிப் போடுங்கண்ணா!"

அக்கா கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் என்னைத் திட்டவில்லை. டவரின் தலைமேல் கையை வைத்து, "பெரியவர் இருக்கறப்ப அப்படிச் சொல்லாதீங்க" என்றார், ரொம்ப மெதுவாக. பிறகு திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முதலில் என் மண்டையை அடைத்தார். அப்புறம் ஊர்ப் படத்தில் மாமியாரின் முகத்தைப் பெரிதாக்கினார். அவர் தோளில் இரண்டு விரற்கடை நீளத்துக்குச் சரம் தெரிந்தது. அதை மட்டும் வெட்டி எடுத்து, சாந்தியின் தலையில் வைத்து, கொஞ்சம் சாய்த்து, முடிக்குள் நுனியைச் செருகினார். சின்னத் துண்டு என்பதால் பெரியவரும் யோசிக்காமல் செய்துகொடுத்தார். பிறகு எங்கள் இருவரையும் மாமியார் பக்கத்துக் காலியிடத்தில் ஒட்டினார். விமான நிலையத்துக்குக் கிளம்பிய நண்பர் வாசலில் ஹாரன் அடிக்கும்போது பிரிண்டரில் எங்கள் கால்கள் வந்துகொண்டிருந்தன.

இரண்டு வாரம் கழித்து ஈரோட்டிலிருந்து போன். மாமியாரின் குரல் ஹால் முழுக்கக் கேட்டது. "ஏங் கண்ணு, என் தலையில இருக்கற அதே சரமாட்ட இருக்குதே! நானே உனக்கு வெச்சு உட்ட மாதிரி இருக்குது போ." சாந்தி அழுதாள், சிரித்தாள். "ஆமாம்மா, நீதான் வெச்சு உட்டே" என்றாள்.

ஓடிப்போய் அண்ணனிடம் சொன்னேன். "பூவு அவங்களுது, வேலை பெரியவருது. நமக்கு என்னங்க" என்று காப்பி கொடுத்தார். குப்பை என்றதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த கோடையில் அவருக்கு டெக்சாஸில் வேலை கிடைத்தது. கிளம்பும் நாளன்று பின்சீட்டில் அக்கா, மடியில் கீபோர்டு. அண்ணன் டிக்கியில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் அவர்கள் வீட்டுக்குள் போய் டவரைத் தூக்கிவந்து முன்சீட்டில் உட்காரவைத்து, பெல்ட்டை இழுத்து மாட்டினேன். அண்ணன் பார்க்காதபோது, "மனசுல வெச்சுக்காதீங்க பெரியவரே" என்றேன்.

பின்சீட்டிலிருந்து அக்கா, "அவரு அன்னிக்கே மறந்துட்டாருங்க" என்றார்.