உறுதிசெய்யவும்

"இத எழுதின ஆளு ஜென்மத்துல பனியப் பாத்திருக்கானா?"

நார்ஹோம் கம்பெனியின் முகநூல் பக்கத்தில் விழுந்த முதல் பின்னூட்டம் இது. வெர்னா மாக்கிக்கு காது மடல் சூடேறியது. இரும்புச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டே விடியுமுன் பனி வாரி வாரி இடுப்பு ஒடிந்தவர் அவள் அப்பா. அவர் மகளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது?

வாசலில் குவிகிற பனியைச் சுழலும் திருகால் விழுங்கித் தூர வீசுகிற ஸ்னோ ப்ளோயர் இயந்திரத்தை அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து டுலூத்தில் செய்து விற்கிறது நார்ஹோம். அதற்குக் கையேடு எழுதுகிறவள் வெர்னா. கையேட்டில் ஒரு பக்கத்தைப் படமெடுத்து முகநூலில் போட்டதும் அவள் யோசனைதான். இலையுதிர் காலத்தில் மினியாபொலிஸில் கையேடு எழுதுகிறவர்களுக்கென்று ஒரு மாநாடு நடந்தது. மேடையில் நின்ற பெண் ஒளிவுமறைவில்லாமல் பேசினாள்.

"நீங்க எழுதறத ஒருத்தரும் படிக்கறதில்ல. ஜனங்க இருக்கற எடத்துக்குப் போங்க. முகநூல் குழுவுல என்ன பொலம்பறாங்கன்னு கேளுங்க. கம்பெனி ஆளாப் போயி நிக்காதீங்க. அவங்கள்ல ஒருத்தராப் போங்க!"

அரங்கமே குனிந்து எழுதிக்கொண்டது. வெர்னாவும் எழுதிக்கொண்டாள். ஆனால் கோபத்தில் கடைசி வாக்கியம் மறந்துபோய், கம்பெனி பெயரிலேயே பதில் போட்டுவிட்டாள்: "விவரங்களுக்குப் பக்கம் 23-ஐப் பார்க்கவும்."

சாயங்காலத்துக்குள் அந்த வரி மினசோட்டா முழுக்கப் பரவிவிட்டது.

"என் நாயக் காணோம்" என்று ஒருவன் போட்டிருந்தான்.

"பக்கம் 23-ஐப் பார்க்கவும்" என்று கீழே இன்னொருவன்.

"பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டா."

"பக்கம் 23-ஐப் பார்க்கவும்."

மறுநாள் காலையில் மேலாளர் கர்ட் ஸ்டென்ஸ்ரூட் அவள் மேஜைக்கே வந்து நின்றார். "சர்ச்சுல பாதிரியார் கூட என்னப் பாத்து சிரிக்கறாரு, வெர்னா."

"நான் சரி பண்ணிடறேன்."

"பண்ணு. இல்லாட்டி அந்தப் பக்கத்தையே மூடு."

இந்த முறை மாநாட்டுப் பெண்ணின் கடைசி வாக்கியத்தை அவள் மறக்கவில்லை. டேல் என்ற பெயரில் ஒரு கணக்கு திறந்தாள். முகத்துக்குப் பதில் டிராக்டரின் பின்பக்கம். தொழில், விவசாயம். மாடியில் இரண்டு அறை வீட்டில் குடியிருக்கிறவளுக்கு விவசாயமும் கிடையாது, ஸ்னோ ப்ளோயரும் கிடையாது. அந்தக் கட்டிடத்து வாசலை யாரோ வந்து பனி வாரிவிட்டுப் போவார்கள். தொழிற்சாலைப் பட்டறையில் மெக்கானிக்குகளின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்ததுதான் அவளுடைய பனி அனுபவம். இந்த வேஷத்தோடு 'பனி வாருவோர் சகோதரத்துவம்' என்ற குழுவில் சேர்ந்து, முதல் கேள்வியைப் போட்டாள்.

"கல்லு மாட்டி திருகுல இருக்கற பின்னு ஒடஞ்சு போச்சு. சாதா போல்ட்ட மாட்டிக்கலாமா, அண்ணாச்சிங்களா?"

அவளுக்குப் பதில் தெரியும். கல் சிக்கினால் தான் உடைந்து, விலை கூடிய கியரைக் காப்பாற்றுவதற்காகவே மெத்தென்ற உலோகத்தில் செய்த சின்ன 'பின்' அது. சாதா போல்ட் போட்டால் போல்ட் நிற்கும், கியர் நொறுங்கும். இதைப் புரியவைக்கக் கையேட்டில் அவளுக்கு ஒன்றரைப் பக்கம் பிடித்திருந்தது.

ஆர்வில் என்று ஒருவர் பதில் போட்டார். படத்தில் ஒரு தொப்பி, ஒரு தாடி.

"எச்சரிக்கை: முதலில் என்ஜினை நிறுத்தவும். சாவியை உருவவும். திருகு நின்றுவிட்டதை உறுதிசெய்யவும். போல்ட் உடையாது, கியர் உடையும். பின் மலிவு, கியர் விலை அதிகம். எது உடையலாம் என்று நீங்களே முடிவு செய்யவும்."

வெர்னா நாற்காலியில் சாய்ந்தாள். ஆபத்தைச் சொல்லிவிட்டுத்தான் வேலையைச் சொல்கிறான். ஒரு வாக்கியத்துக்கு ஒரே வேலை. மாட்டுக்கொட்டகையிலிருந்து வந்த கையோடு 'உறுதிசெய்யவும்' என்கிறான்! அவள் மேலே மேலே படித்தாள். கென்னி, லயல், மேவிஸ் என்று ஒவ்வொருவர் பதிலும் சாணை பிடித்த கத்தி மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் எந்த ஜனங்களுக்குப் புரியாது என்று நினைத்து எழுதினாளோ, அந்த ஜனங்கள் அவளைவிட நன்றாக எழுதுகிறார்கள். கண் கலங்கிவிட்டது. பெரிய ஏரிக்கு முன்னால் முதல்முறை நிற்கிற குழந்தை மாதிரி ஆகிவிட்டாள்.

அந்தப் பரவசத்தில் ஒரு தப்புச் செய்தாள். அத்தனையையும் அச்சடித்துக் கொண்டுபோய் கர்ட்டிடம் காட்டினாள்.

"படிச்சுப் பாருங்க! நம்ம ஜனங்க எப்பேர்ப்பட்ட ஜனங்க!"

கர்ட் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். "அட்டகாசமா இருக்கு."

"அதத்தான் சொல்றேன்!"

"இத ஓசியிலயா எழுதறாங்க?"

"ஆமா! மனசாரச் செய்யறாங்க!"

"அப்ப நீ எதுக்கு?"

வெர்னா காகிதங்களை அள்ளிக்கொண்டு தன் மேஜைக்குத் திரும்பினாள்.

அவர்களும் தப்புச் செய்வார்கள் என்று நிரூபித்தால்தான் வேலை தப்பும். டேல் வேஷத்தில் மறுபடியும் குழுவுக்குள் போனாள். இந்த முறை கேள்வியில் கண்ணி வைத்தாள். "மைனஸ் முப்பது டிகிரி. என்ஜின் ஓடுது, திருகு மட்டும் சுத்த மாட்டேங்குது. பின்னு ஒடயல, பெல்ட்டும் புதுசு." கைப்பிடியிலிருந்து போகிற கேபிள் உறைக்குள் தண்ணீர் இறங்கி உறைந்துவிட்டது என்பதுதான் விடை. பட்டறையே ஒரு குளிர்காலம் முழுக்கத் தேடிக் கண்டுபிடித்த விடை.

அவள் காபி கலந்து திரும்புவதற்குள் கென்னி எழுதியிருந்தார்: "கேபிளைப் பார்க்கவும். உள்ளே பனிக்கட்டி. மெஷினைக் கொட்டகைக்குள் வைத்து இளக விடவும். எச்சரிக்கை: தீ காட்ட வேண்டாம்." அதற்குக் கீழே, கேபிளைக் கழற்றும் விதத்தை மேவிஸ் கையாலேயே படம் வரைந்து போட்டிருந்தாள். அம்புக்குறிகூட இருந்தது.

அதற்கு விழுந்த முதல் விருப்பக் குறி கர்ட் ஸ்டென்ஸ்ரூட்டுடையது. அவரும் குழுவில் சேர்ந்துவிட்டிருந்தார்!

"சனிக்கிழமை அந்தக் குழு ஹிங்க்லியில ஒரு ஓட்டல்ல கூடுதாமே," என்றார் மறுநாள். "போயி எல்லார்கிட்டயும் சம்மதம் வாங்கிட்டு வா. அவங்க எழுதினதையே அச்சடிச்சு மெஷினோட குடுத்துடலாம். ஏப்ரல்ல இருந்து கையேட்டுப் பிரிவே வேண்டாம்."

"என் வேலைக்கு வேட்டு வைக்க நானேவா போகணும்?"

"உனக்குத்தான் அவங்களத் தெரியும்."

சனிக்கிழமை ஹிங்க்லி ஓட்டலில் ஜன்னலோர மேஜையில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆர்வில், கென்னி, லயல், மேவிஸ். ஆப்பிள் பை பலகாரம் ஒன்றைப் பாதி தின்று வைத்திருந்தது ஆர்விலின் தாடி. எல்லோரும் புத்தம் புதுக் கட்டம் போட்ட சட்டை. மடிப்புக்கூடக் கலையவில்லை.

"டேல்னா ஆம்பளன்னுல்ல நெனச்சோம்!" என்று கென்னி எழுந்து கைகொடுத்தார்.

அந்தக் கையை வெர்னா கவனித்தாள். அப்பாவின் நகத்தடியில் செம்மண் சாகும்வரை போகவில்லை. இந்தக் கை வெண்ணெய் மாதிரி இருந்தது. என்ன சோப்பு போடுகிறார்களோ, எவ்வளவு கண்ணியமான மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டாள். மரியாதை இன்னும் ஒரு படி ஏறியது.

"வீட்டுல எப்படி, பனி ஜாஸ்தியா?" என்று கேட்டாள்.

நால்வரும் ஒரே நேரத்தில் மெனு கார்டைப் பார்த்தார்கள்.

"அதெல்லாம் இருக்கட்டும்," என்றார் ஆர்வில். "சக்கரைய நகத்தணும்னா முதல்ல காபிய ஓரமா வைங்க. ஜாக்கிரதை, கோப்பை சுடும்."

எவ்வளவு தெளிவு! சர்க்கரை நகர்த்துவதிலும் ஆபத்தை முதலில் சொல்கிறார். இப்படிப்பட்டவர்கள் முன்னால் டிராக்டர் படத்தை மாட்டிக்கொண்டு பொய் சொல்லி உட்கார்ந்திருக்கிறோமே! இவர்களிடம் சம்மதம் வாங்குவதா? முதலில் மன்னிப்பல்லவா கேட்க வேண்டும்?

ஆனால் பேச நேரமே வாய்க்கவில்லை. யாராவது ஒருவர் எழுந்து கல்லாப் பக்கம் போய்க்கொண்டே இருந்தார்கள். லயல் போய்க் கொஞ்ச நேரம் கழித்து மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தார். பிறகு மேவிஸ் போனாள். ஆர்வில் போய்வந்ததிலிருந்து பலகாரத்தைத் தொடவே இல்லை. கென்னி திரும்பி வரும்போது முகம் கழுவியிருந்தார்.

கடைசியில் வெர்னாவும் எழுந்தாள். கல்லாவில் ரோண்டா என்று பெயர்ப் பட்டை குத்தியிருந்த பரிமாறுகிறவள் கரண்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒரு யோசனை சொல்லுங்க. அந்த மேஜையில இருக்கறவங்க உத்தமமானவங்க. நான் அவங்களுக்குச் சமமே இல்ல. என்கிட்ட ஸ்னோ ப்ளோயரே கெடையாது. நான் கம்பெனிக்குக் கையேடு எழுதறவ. வேவு பாக்க வந்தேன். இத அவங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

ரோண்டா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்பாடா, நீயும் வந்துட்டியா கண்ணு! இதே வார்த்தைய என்கிட்ட வந்து சொல்லாம அந்த மேஜையில பாக்கி இருந்தது நீ ஒருத்திதான்."