உன் ஸ்விட்சைக் கழற்றிக்கொண்டு போ

சைகோன், கோ வாப்,
மழை விடாத செவ்வாய்க்கிழமை.

அன்பும் அறிவும் ஒருங்கே நிறைந்த மருமகன் கியெட்டுக்கு, உன் தாய்மாமன் தொவான் எழுதுவது. பியென் ஹோவாவில் நீயும் உன் அம்மாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே நானும் நலம், முழங்காலைத் தவிர. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ "சரி மாமா, சரி மாமா" என்று சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரைத் தட்டுவது எனக்குக் கேட்கிறது. அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். புத்தாண்டுக்கு வந்தபோது நீ மாட்டிவிட்டுப் போன கிகாபிட் ஸ்விட்சை, அதுதான் இன்டர்நெட்டை அறைக்கு அறை பிரித்துவிடுகிற அந்தப் பெட்டியை, தயவுசெய்து கழற்றிக்கொண்டு போ. மெஷினில் ஒரு குறையும் இல்லை, பிரமாதமாக வேலை செய்கிறது, அதுதான் தொல்லை. முன்பெல்லாம் மாடிக்கு வைஃபை எட்டாது. அங்கே வாடகைக்குக் குடியிருப்பவர்கள் எல்லோரும் கீழே என் கூடத்தில் வந்து உட்கார்ந்து, என் மின்விசிறிக் காற்றையும் என் டீயையும் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் சந்தோஷமாக முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். நீ அறைக்கு அறை ஒயர் இழுத்துக் கொடுத்தாய். இப்போது வேலை முடிந்து வருகிறார்கள், கூடத்தில் வண்டியை நிறுத்துகிறார்கள், "வரேன் பெரியப்பா" என்று மேலே போனால் போனதுதான். கதவு சாத்துகிற சத்தம், அப்புறம் உன் பெட்டியில் ஒரு பச்சை விளக்கு. வீடு நிறைய ஆள் இருக்க, நான் கறி அடைத்த பாகற்காய் சூப்பை வைத்துக்கொண்டு அந்த விளக்குகளோடு உட்கார்ந்திருக்கிறேன்.

"பிளக் இங்கதான் இருக்கு மாமா" என்று சொல்லி, கூடத்துப் படையல் மாடத்தில் உன் மாமி படத்துக்குக் கீழேயே அந்தப் பெட்டியை வைத்தாய் அல்லவா? ஒருநாள் மாமிக்குப் பழம் வைக்கும்போது என் கை பட்டு ஒரு ஒயர் கழன்றுவிட்டது. மேலே பாவோ என்று ஒருத்தன், எந்நேரமும் கம்ப்யூட்டரில் சண்டை போடுகிறவன், அரைக்கால் சட்டையோடு ஓடிவந்தான். "பெரியப்பா, நெட் போச்சு! நான் செத்துட்டேன்!" உயிரோட இருக்கிறவன் பேசற பேச்சாடா இதுன்னு உட்கார வெச்சு ஒரு கிண்ணம் சூப் கொடுத்தேன். பாகற்காயை ஒதுக்கிட்டுக் கறியை மட்டும் தின்னான். மாமி முன்னால நின்னவன் சும்மா திரும்ப முடியுமா, ஊதுபத்தி ஏத்தினான். அப்புறம் முதலாளியைத் திட்டினான், அவங்க அம்மா சமையலைப் பத்திப் பேசினான். அன்னிக்கு எனக்கு நல்லாத் தூக்கம் வந்துச்சு.

அதுக்கப்புறம் என் கை சும்மா இருக்கல கியெட். சாப்பாட்டு நேரமாப் பார்த்து ஒருநாள் இந்த ஒயர், ஒருநாள் அந்த ஒயர். வீடியோவுல துணி விக்கிற தூயெத் வந்தா, நர்ஸ் ஹான் வந்தா. "என்ன பெரியப்பா, இந்த மெஷினுக்கு என்னதான் கேடு?" "என் மருமகன் மாட்டினதும்மா, அப்படித்தான் இருக்கும்"னு பழியை உன் தலையில போட்டேன். மனசுல வெச்சுக்காதே.

போன வாரம் ஹானோட ஒயரை உருவினேன். அழுதுக்கிட்டே இறங்கி வந்தா. ஊர்ல ஆஸ்பத்திரியில படுத்திருக்கிற அவ அப்பாகிட்ட முகம் பார்த்துப் பேசிக்கிட்டு இருந்திருக்கா. உடனே திரும்பச் செருகினேன். சூப் வேணாம்னு போயிட்டா. மாமி படத்தை நிமிர்ந்து பார்க்க எனக்கு முகம் இல்லை.

அன்றைக்கே எல்லா ஒயரையும் டேப் சுற்றி ஒட்டிவிட்டேன். இப்போது யாரும் வருவதில்லை. எனக்குத் தனியாகச் சாப்பிட முடியவில்லை, உன்னிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? அந்தப் பெட்டி போனால் பழையபடி வைஃபைக்காகவாவது கீழே இறங்கி வருவார்கள். ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை நீ வந்து கழற்றியே ஆக வேண்டும்.

உன் அம்மாவுக்கு என் அன்பைச் சொல். உனக்குச் சீக்கிரம் கல்யாணம் ஆகி, வாய் ஓயாமல் பேசுகிற பெண்ணே அமைய வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

மாமா தொவான்.

பி.கு.: கவரை ஒட்டப் போன நேரத்தில் டிவி நின்றுவிட்டது. அதுவும் உன் பெட்டி வழியாகத்தானே ஓடுகிறது? திரும்பிப் பார்த்தால், பாவோ தன் வண்டி மேல உட்கார்ந்திருக்கான். டேப்பைப் பிச்சு, என் டிவி ஒயரை உருவிக் கையில வெச்சிருக்கான். பக்கத்துல தூயெத் வாயைப் பொத்திக்கிட்டு நிக்கிறா.

"பெரியப்பா, நெட் போச்சா?"ங்கிறான் படவா.

"உனக்கு எப்படிடா தெரியும்?"

"சாப்பாட்டு நேரம் பார்த்து எந்த மெஷின் கெடும்? எங்க எல்லாருக்கும் எப்பவோ தெரியும்."

மாமிக்கு ஊதுபத்தி ஏத்திக்கிட்டிருந்த ஹான் திரும்பாமலே சொன்னா: "அப்பாவுக்கு இப்ப தேவலை பெரியப்பா. என் ஒயரை மட்டும் விட்டுடுங்க. சூப்புக்கு நானே வரேன்."

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. கழற்ற வராதே, ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா. வீட்டில் கிண்ணம் நாலுதான் இருக்கிறது, உனக்கு ஒன்று எடுத்துக்கொண்டு வா.