சக்கரராஜனுக்கு ஓர் இணைய முகவரி

சிரிக்க வைக்கிறேன், உறுதி. ஆனால் இப்போதே இல்லை. முதலில் அப்பா பஞ்சர் ஒட்டி முடிக்கட்டும்.

முன்னறையில் அப்பா சைக்கிள் பழுது பார்ப்பார். பின்னறையில் அம்மா பைகளுக்கு ஜிப் தைப்பாள். இரண்டும் சேர்ந்தால் எங்கள் கடை. அன்று காலை ஒட்டிய டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே அப்பா அறிவித்தார்: "கடைக்கு இணைய முகவரி வாங்கப் போறேன். தமிழ்லயே. சக்கரராஜன்."

"அதுல என் ஜிப்பு எங்கே?" என்றாள் அம்மா.

"ராஜாங்கத்துல ஜிப்பும் அடக்கம்."

அம்மா பேசாமல் உள்ளே போனாள். அவள் பேசாமல் போனால் எனக்கு வேலை வரும்.

அப்பாவுக்கு வேறு கவலை. "ஜனங்க வெறும் பேரையா சொல்றாங்க? ராஜன்கிட்ட, ராஜனுக்குன்னுதான் சொல்வாங்க. காதுல விழுந்ததையே அடிச்சா வேற எங்கேயாவது போய் நிப்பாங்க. எட்டு வேற்றுமையையும் வாங்கிடணும் போல."

மதியம் அவர் போன் அடித்தது. கையெல்லாம் கிரீஸ். நம்பரைப் பார்க்காமல் முழங்கையால் ஸ்பீக்கரை அழுத்தினார்.

"முகவரி கம்பெனி மேனேஜர் பேசறேன்." கனத்த குரல். நடுநடுவே இருமல். பின்னறையில் பைக்குவியலுக்குள் தலையை விட்டுக்கொண்டு நான்தான் இருமினேன். "எட்டெல்லாம் வேண்டாம் சார். சாயங்காலம் வரைக்கும் வர்றவங்க பேச்சைக் கேளுங்க. கடையை என்ன பேர் சொல்றாங்களோ, எல்லா உருபும் அதுலதான் ஒட்டும். அதை வாங்குங்க."

"நியாயம் சார்" என்றார் அப்பா, அவ்வளவு பணிவாக. என்னிடம் அப்படி ஒருநாளும் பேசியதில்லை.

கேட்டார். கடைக்கு வந்த தபால்காரர் தன் போனில் யாரிடமோ சொன்னார்: "வண்டியை அக்காகிட்ட விட்டிருக்கேன்." பால்காரர், "அக்கா கடையிலதான் நிக்கிறேன்." கடைசியாக ஒரு சிறுமி அப்பாவையே தன் தம்பிக்குக் காட்டினாள்: "இவர் அக்காவோட வீட்டுக்காரர். காத்து அடிப்பார்."

ராஜன் எந்த வேற்றுமையிலும் வரவில்லை. அப்பா மட்டும் ஆறாம் வேற்றுமையில் ஒட்டிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அப்பா கையில் மறுபடி கிரீஸ் ஏறியதும், போன் பண்ணி இருமினேன்.

"அக்காகடைன்னு பதிவு பண்ணிட்டேன் சார்." அப்பாவுக்குக் காற்றுப் போன குரல்.

"நல்ல முடிவு சார். இனிமே மாத்த முடியாது சார்."

அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தையல் மிஷினை ஒரு மிதி மிதித்தாள். போனில் கடகட. பின்னறையில் கடகட. சட்டென்று நிறுத்தினாள். இரண்டும் நின்றன.

அப்பா போனைப் பார்த்தார். கதவைப் பார்த்தார்.

"சார்," என்றார் மெதுவாக, "உங்க ஆபீஸ்ல யாரு சார் தைக்கிறது?"