பதினெட்டு மீன்களுக்கு ஓர் அவசர இரங்கல்

உயிரோடு இருக்கும் மீன்களுக்கு இரங்கல் செய்தி அனுப்பிய ஒரே ஆள் இந்தச் சென்னையில் நானாகத்தான் இருப்பேன்.

அப்போது அடையாறில் ஓர் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். குளிர்க்கடல் மீன் குஞ்சுகளின் வளர்சிதை மாற்றம் தண்ணீரின் சூட்டுக்கு ஏற்ப எப்படிக் கூடுகிறது, குறைகிறது என்பதுதான் தலைப்பு. (மே மாதச் சென்னையில் செய்ய வேறு ஆராய்ச்சியே கிடைக்கலையாடி என்பாள் அம்மா.) விமானத்தில் வந்திறங்கிய விரல் நீளக் காட் மீன் குஞ்சுகள் பதினெட்டும், என்னைவிட வசதியாக, பத்து டிகிரியில் வாழ்ந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குளிரூட்டும் மெஷின் நின்றுவிட்டது. தண்ணீர் பதினாறு டிகிரியைத் தொட்டது. குஞ்சுகள் செவுளைப் படபடவென்று அடித்துக்கொண்டன. சூடு ஏறினால் உடம்பு வேகமாக ஓடும், பிராணவாயு போதாது, கதை முடிந்துவிடும். ஆட்டோ பிடித்துப் பட்டினப்பாக்கம் மீன் மார்க்கெட்டுக்கு ஓடினேன்.

"மீனு எங்கம்மா கீது?" என்றார் ஐஸ் விற்பவர்.

"லேப்ல, தொட்டியில. உயிரோட இருக்கு."

"உயிரோட கீற மீனுக்கு ஐஸா? சளி புடிச்சிக்கப் போவுதும்மா!"

தண்ணீரில் உப்பு குறைந்துவிடக் கூடாதென்று ஐஸைப் பைகளில் இறுக்கிக் கட்டி இறக்கினேன். இரண்டு பை போதும். பயத்தில் ஒன்பது இறக்கினேன். பிறகு மெக்கானிக்கைத் தேடிப் போனேன். அவர் கிடைக்காமல் ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பினால், பதினெட்டும் அடியில் அசையாமல் கிடந்தன.

மூன்று வருட உழைப்பு! தரையில் உட்கார்ந்து அழுதேன். அழுதபடியே துறையின் வாட்ஸ்அப் குழுவில், "அனைத்தும் இறந்துவிட்டன. நானே காரணம்" என்று போட்டேன். (கைகூப்பும் பொம்மை மூன்று.)

மயிலாப்பூரில் அண்ணனின் அறுபதாம் கல்யாணத்தில் இருந்த என் வழிகாட்டிப் பேராசிரியர், பஞ்சகச்சத்தோடு ஓடி வந்தார். தொட்டிக்குள் குனிந்து பார்த்தார். தெர்மாமீட்டரைப் பார்த்தார். நாலு டிகிரி.

"ஏம்மா, செவுள் ஆடறதே, பார்த்தியோ?"

பார்த்தேன். மிக மிக மெதுவாக ஆடியது.

"குளிர்ல வளர்சிதை மாற்றம் குறையும், அசைவு அடங்கும்னு உன் தீசிஸ்ல முதல் பக்கத்துலயே எழுதியிருக்கே. திருத்தின நான் படிச்சேன். எழுதின நீ படிக்கலையா?"

இரண்டை மட்டும் விட்டுவிட்டு, மற்ற பைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தோம். மத்தியானத்துக்குள் பதினெட்டும் நீந்தின. அதற்குள் குழுவில் ஆழ்ந்த அனுதாபங்கள் குவிந்திருந்தன. ஒரு சீனியர், திருவான்மியூரிலிருந்து ஆறுதல் சொல்ல பிஸ்கட் பாக்கெட்டோடு நேரிலேயே வந்துவிட்டார். அவரைத்தான் பிற்பாடு கல்யாணம் செய்துகொண்டேன்.

இன்றைக்கும் அவர் ஏசி அறையில் இழுத்துப் போர்த்திக்கொண்டு அசையாமல் தூங்கினால், என் மாமியார் எட்டிப் பார்த்துச் சொல்வார்: "எல்லாருக்கும் மெசேஜ் போடுறதுக்கு முன்னாடி, ஏசியை ஒரு தடவை அணைச்சுப் பாத்துடும்மா."